சுரைப் பூவுக்குக் கட்டிய நூல்

முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவருக்கு லிஃப்டில் ஏறப் பயம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் ஒருநாள் அவரோடு வேலைக்குப் போய்ப் பார்க்கலாம். எட்டாவது மாடியில் வேலை என்றாலும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் படியேறித்தான் போவார். கேட்டால், "உள்ள என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல, அதான்" என்பார். லிஃப்டைத் தூக்கும் வடக் கம்பியைப் பார்த்தாயிற்று, பிரேக்கைப் பார்த்தாயிற்று, கூட வந்தவர் பையை மூடிவிட்டார் என்கிற நேரத்தில், "இன்னொரு தரம் பாத்துடுவோமே" என்று ஆரம்பிப்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கம்பெனியில் 'இன்னொருதரம்' என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். முதலாளிக்கு அவர்மேல் உயிர். பயந்த மனுஷன் கைவைத்த லிஃப்டில் தன் பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

வீட்டிலும் அதே கதைதான். கேஸ் அடுப்பை மூடிவிட்டு வந்து படுப்பார், எழுந்து போவார், மறுபடி படுப்பார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் முகம் வெளுத்துவிடும். மகள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்து செருப்பைத் தேய்ப்பார். அவர் மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்ப்பவர். விடியற்காலை ஷிஃப்ட், மாவு வெக்கை, மேஸ்திரியின் அதட்டல் என்று எல்லாவற்றையும் ஊதித் தள்ளுகிற பெண்மணி. "இவர் பயத்தை மட்டும் பாக்கெட் போட்டா எங்க வேன் எல்லாம் பத்தாது" என்பார். அவருக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரே வாய் அது.

அப்படிப்பட்ட லிஃப்ட்காரருக்குப் பயமே இல்லாத இடம் ஒன்று உண்டு. வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லைத் தாண்டினால் இருபதடிக்கு முப்பதடியில் ஒரு தோட்டம். அங்கே கம்பளிப் புழுவை வெறும் விரலால் எடுத்து அப்பால் போடுவார். மதிலில் தேள் வந்தால் துடைப்பத்தால் நிதானமாகத் தள்ளிவிடுவார். மதில் ஓரம் பந்தல், பந்தலில் சுரைக்கொடி, கீழே தக்காளி, கத்தரி, கீரைப் பாத்தி. பழைய பெயின்ட் டப்பாக்களில் மிளகாய். தோட்டத்தில் நிற்கும்போது அவர் தோள் இரண்டும் கீழே இறங்கியிருக்கும். மனைவி அதைக் கவனித்திருக்கிறார். "அந்தக் கல்லைத் தாண்டினா வேற ஆளு" என்பார்.

இந்தத் தோட்டப் பித்து பரம்பரையாக வந்தது. லிஃப்ட்காரரின் தாத்தா ஒரு முடிதிருத்துபவர். கடைக்குப் பின்னால் இருந்த கையகல இடத்தில் எண்ணெய் டின்களை வரிசையாக வைத்துச் சுரை வளர்த்தாராம். அந்தச் சுரையின் விதைதான் இன்றுவரை வருகிறது. அவர் மகன், அதாவது லிஃப்ட்காரரின் அப்பா, தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். எழுபத்தெட்டு வயதாகிறது. எதையும் உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, அடுக்கி வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். விதைப் பெட்டியைத் திறந்தால் தபால் நிலையத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். நான்காவது தலைமுறைக்கு வந்தால் மகள், வீட்டில் 'குட்டி'. இருபத்து நான்கு வயது, ஆரம்பப் பள்ளியில் ஓவிய டீச்சர். வேலை முடிந்து வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் நேராகப் பந்தலுக்குத்தான் போவாள்.

பெரியவரிடம் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, வருடத்தின் முதல் காயை அவர்தான் முதலில் சாப்பிட வேண்டும். ஒரு துண்டை உப்புகூடப் போடாமல் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். அவர் மென்று விழுங்கிவிட்டு "ம்" என்பார். அந்த ஒரு எழுத்துக்காக வீடே காத்திருக்கும். "ம்" வந்துவிட்டால் அந்த வருடக் காய் தேறிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது சட்டம் நூல். விதைக்கு விடும் காய் கண்ட மகரந்தத்தில் காய்க்கக் கூடாது. சுரைப் பூ சாயங்காலம் மலரும். அது மலர்வதற்கு முன்பே, நாலு மணி வாக்கில், ஒரு பெண் மொட்டையும் ஒரு ஆண் மொட்டையும் நூலால் வாய்கட்டிவிட வேண்டும். இருட்டும் நேரத்தில் அவிழ்த்து, ஆண் பூவை எடுத்துப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டி, காம்பில் ஒரு சிவப்பு நூல் சுற்ற வேண்டும். சிவப்பு நூல் உள்ள காயை யாரும் தொடக் கூடாது. அது முற்றிக் காய்ந்து அடுத்த வருட விதையாகும். ஏன் இவ்வளவு பாடு என்றால், கண்ட சுரையோடு கலந்தால் காய் கசக்கும். கசப்பு என்றால் முகம் சுளித்துவிட்டுப் போகிற கசப்பில்லை. "கசந்த சுரை விஷம்டா. ஆளையே தூக்கிடும்" என்று பெரியவர் நூறு தரம் சொல்லியிருக்கிறார்.

போன வருடம் குட்டி எங்கிருந்தோ கைக்கடக்கமான அலங்காரச் சுரை விதை வாங்கி வந்தாள். காய்ந்ததும் பிள்ளைகள் அதன்மேல் வண்ணம் தீட்டுவார்களாம். பெரியவர் மூக்கைச் சுருக்கினார். ஆனால் பேத்தி கேட்டு அவர் முடியாது என்று சொன்னதில்லை. "வச்சுக்கோ. ஆனா அதே வெள்ளைப் பூதான் பூக்கும், அதே நேரத்துலதான் பூக்கும். நூல் கட்டறதுல ஒரு நாள் அசந்தோம், தீந்தோம்" என்றார்.

அசந்த நாள் வந்தது. விதைக்கென்று குறித்து வைத்த மொட்டு மலரும் நேரம் பார்த்துப் பெரியவர் தங்கை வீட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. வாசலில் நின்று மகனிடம், "நாளைக்கு நாலு மணிக்குக் கட்டிடு. உன்ன நம்பித்தான் போறேன்" என்றார். அந்த 'உன்ன நம்பித்தான்' இருக்கிறதே, அதுதான் லிஃப்ட்காரருக்குச் சிறுவயதிலிருந்து சாட்டை. பெரியவர் ஒருநாளும் கைநீட்டியவரில்லை. தப்பு நடந்தால் மெதுவாக, "உன்ன நம்பித்தானே விட்டேன்" என்பார். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

மறுநாள் நாலு மணிக்கு லிஃப்ட்காரர் ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நாலு பேரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். வீடு வந்தபோது மணி ஏழே கால். பூ அகல விரிந்து வெள்ளைவெளேரென்று இருந்தது. உள்ளே ஒரு அந்துப்பூச்சி. இரண்டு கை தூரத்தில் குட்டியின் அலங்காரச் சுரையிலும் அஞ்சு பூ விரிந்திருந்தது. பூச்சி இங்கேயும் அங்கேயும் போய்வந்துகொண்டிருந்தது.

என்ன செய்திருக்க வேண்டும்? பூவைக் கிள்ளி எறிந்துவிட்டு, "தவறிப்போச்சுப்பா" என்று சொல்லியிருக்க வேண்டும். பழைய உறையில் முந்தைய வருட விதை மிச்சம் இருக்கவே இருந்தது. ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பூச்சியை ஊதி விரட்டிவிட்டு, ஆண் பூவைப் பறித்துத் தடவி, பூவின் வாயைக் கட்டி, காம்பில் அழகாகச் சிவப்பு நூலும் சுற்றினார். எட்டு மணிக்குப் பெரியவர் போனில் கேட்டார்.

"கட்டினியா?"

"கட்டிட்டேன்பா."

அன்றிலிருந்து அந்தக் காய் வளர வளர அவர் வயிற்றில் ஏதோ ஒன்றும் கூடவே வளர்ந்தது. பல தடவை சொல்ல வாயெடுத்தார். பெரியவர் ஆசையாக அந்தக் காயைத் தடவிக்கொடுப்பதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவார். காய் முற்றியது, காய்ந்தது, விதை உறைக்குள் போனது, உறைமேல் தேதி ஏறியது, மறுபடி மண்ணுக்குள் போய்க் கொடியாகவும் வந்தது. ஒரே ஒரு பூச்சி, ஒரே ஒரு சாயங்காலம், என்னவாகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எதையும் இன்னொரு தரம் பார்க்கிறவர் இதை மட்டும் பார்க்கவே பயந்தார்.

முதல் காய் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பறிக்கப்பட்டது. மனைவி ஷிஃப்டுக்குப் போயிருந்தார். குட்டி ஒரு துண்டை வேகவைத்துத் தாத்தாவுக்குக் கொடுத்தாள். லிஃப்ட்காரர் வெளியே ஏணிமேல் நின்று பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சமையலறையில்.

"ம்" என்றார் பெரியவர்.

ஏணிமேல் நின்றவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு வருடப் பாரம் அந்த ஒரு எழுத்தில் இறங்கிவிட்டது. சத்தியமாக அவர் சிரித்தார். உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. குட்டி காலையில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடிப்பவள். பாதிக் காயை அரைத்து, வடிகட்டி, பெரிய கிளாஸ் நிறைய ஊற்றிக்கொண்டாள். பெரியவர் சமையலறை வாசலில் நின்று, "எப்படிடா இருக்கு நம்ம காய்?" என்று கேட்டதும், "சூப்பர் தாத்தா" என்று அவள் சொன்னதும் ஏணி வரைக்கும் கேட்டது.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. குளியலறைக் கதவு படாரென்று சாத்துகிற சத்தம். பிறகு வாந்தி. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தரம் வந்தபோது லிஃப்ட்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். மூன்றாவது தரத்துக்குப் பிறகு குட்டி குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் காகிதம். "வயித்துக்குள்ள யாரோ முறுக்கிப் பிழியறாங்கப்பா" என்றாள். அவள் நெற்றியில் கை வைத்தார். சில்லென்று வேர்த்திருந்தது.

லிஃப்ட்காரர் சமையலறைக்குப் போனார். பலகைமேல் மீதிப் பாதிக் காய் ஒரு தட்டால் மூடி வைக்கப்பட்டிருந்தது. கத்தியால் நகக்கண் அளவு சீவி நாக்கு நுனியில் வைத்தார்.

கசப்பு காதுவரைக்கும் ஏறியது. துப்பினார். வாய் கொப்பளித்தார். ஆறு தரம் கொப்பளித்தும் போகவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபது காட்டியது. அந்த நேரத்தை அவர் சாகும்வரை மறக்கமாட்டார், ஏனென்றால் அடுத்து அவர் செய்த காரியம் அப்படிப்பட்டது. மீதிக் காயை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினார். பின்பக்கம் போய், மக்கும் குப்பைத் தொட்டியின் அடியில், கையை முழங்கைவரை விட்டுப் புதைத்தார். மேலே காய்ந்த இலையை அள்ளிப் போட்டார். அப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கை தானாகச் செய்தது. பயந்த கை.

கடைவீதிக் கிளினிக்குக்கு வாடகைக் காரில் போனார்கள். பெரியவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கிளினிக்கில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். முறை வந்தபோது டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நேத்து வெளியில ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"கூட வேலை செய்றவங்க வீட்டுல... கேக் சாப்பிட்டேன் டாக்டர்."

"அதான். இந்த வெயிலுக்கு கிரீம் எல்லாம் கெட்டுப் போயிடும்."

கேக்! தண்ணீரில் மூழ்குகிறவர் கட்டையைப் பிடிப்பதுபோல் லிஃப்ட்காரர் அந்தக் கேக்கைப் பிடித்துக்கொண்டார். கேக்காகவே இருக்கட்டும். டாக்டருக்குத் தெரியாததா? நாக்கின் மேல் இன்னும் கசப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும், கேக்காகவே இருந்துவிடக் கூடாதா? ஒரு வார்த்தை, சுரைக்காய் என்கிற ஒரே வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வார்த்தை கீழே இறங்கிவிட்டது. ஊசி போட்டு, மாத்திரை எழுதி, வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார் டாக்டர்.

திரும்பும் வழியில், மருந்துக் கடைத் திருப்பத்தில், குட்டி அவர் மடியில் கவிழ்ந்து மறுபடி வாந்தி எடுத்தாள். இந்தத் தடவை சிவப்பு. வாய் துடைத்த துண்டில், அவர் சட்டையில், சீட்டில். அவள் கண் பாதி மூடிக்கொண்டது. "அப்பா, கண்ணு இருட்டுது" என்றாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க!" என்று அவர் கத்தியதில் டிரைவர் ஒரு கணம் தெருவையே மறந்துவிட்டார். லிஃப்ட்காரர் வாழ்க்கையில் கத்தியதே அதுதான் முதல் தடவையாக இருக்கும். "சுரைக்காய்! குட்டி, அது சுரைக்காய்டா. சுரைக்காய்தான்!" என்று அவள் தலையைக் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். முன்சீட்டில் பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கழுத்து மட்டும் விறைத்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். சுரைக்காய்ச் சாறு, கசப்பு, விதை கலந்தது என்று லிஃப்ட்காரர் உளறிக் கொட்டியதில் தேவையானதை மட்டும் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு குடிச்சாங்க?"

"ஒரு கிளாஸ். பெரிய கிளாஸ்."

நர்ஸ் ரத்த அழுத்தத்தைச் சொன்னதும் டாக்டரின் நடையே மாறிவிட்டது. படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது அவர் உடைத்தே சொன்னார். "இதுக்குன்னு தனியா மாத்து மருந்து கிடையாது. வயித்துக்குள்ள புண்ணாகி ரத்தம் கசியுது. பிரஷர் ரொம்ப இறங்கிடுச்சு. தாக்குப்பிடிக்க வைக்கப் பாக்கறோம். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்வளவு நல்லது. சுரைக்காய்தான்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"இப்பதான்... கார்ல வரும்போது. பத்து மணி இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டர் கையிலிருந்த தாளில் பத்து மணி என்று எழுதிக்கொண்டு போனார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீள பெஞ்ச். ஒரு முனையில் மகன், மறுமுனையில் அப்பா. நடுவில் மூன்று பேர் உட்காரலாம். கதவு திறக்கும்போதெல்லாம் லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். யாராவது நர்ஸ் வேகமாக நடந்தால் அது தன் மகளுக்காகத்தான் என்று தோன்றியது. வேகம் குறைந்தால், இனி வேகத்துக்கு வேலையில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. இத்தனை வருடம் அவர் பயந்ததெல்லாம் பயமே இல்லை. வடம் அறுந்தால், தீ பிடித்தால், வேலை போனால் என்று கற்பனையில் பயந்திருந்தார். இது கண்ணெதிரே கதவுக்குப் பின்னால் படுத்திருந்தது.

மதியத்துக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடி, "அப்பா, போன வருஷம் நீங்க அத்தை வீட்டுக்குப் போனீங்களே, அன்னைக்கு நான் நேரத்துக்குக் கட்டல. பூ விரிஞ்சப்புறம்தான் கட்டினேன்" என்றார்.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். 'உன்ன நம்பித்தானே' வரப்போகிறது என்று காத்திருந்தார். அது வரவில்லை.

"எனக்கு நாக்கு செத்துப்போச்சுடா" என்றார் பெரியவர்.

"என்னப்பா?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல. அதோட போச்சு. சூடு தெரியும், குளிர் தெரியும், ருசி கிடையாது. கசப்பு, இனிப்பு, ஒரு எழவும் தெரியாது."

"அப்ப இன்னைக்கு 'ம்'னீங்களே?"

"போன வருஷமும்தான் சொன்னேன்." பெரியவரின் கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. காலையில் தின்ற துண்டு அவரையும் குடைந்துகொண்டிருந்தது. அதையும் சொல்லாமல்தான் உட்கார்ந்திருந்தார். "நாக்கு போச்சுன்னா முதல் காய் எனக்கு எதுக்கு? அதையும் விட்டுட்டா அந்த வீட்டுல எனக்கு என்னடா வேலை? ஓரமா உக்காருன்னு சொல்லிடுவீங்கன்னு பயம்."

லிஃப்ட்காரர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வருடமாக யாருக்குப் பயந்து நடுங்கினாரோ, அந்த மனிதர் பெஞ்ச் நுனியில் பயந்துபோய்க் குறுகி உட்கார்ந்திருந்தார். தன்னைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது. எழுந்து போய் அவரைக் கைத்தாங்கலாக நர்ஸிடம் கூட்டிப்போனார். அவருக்கும் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மனைவி தொழிற்சாலையிலிருந்து கையில் மாவு காயாமல் ஓடிவந்தார். அழவில்லை. நூல் கதை, நாக்குக் கதை இரண்டையும் நின்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் கதவுக்கு எதிரே போய் நின்றுகொண்டார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் லிஃப்ட்காரர் பிழைத்திருப்பார்.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. ஒருமுறை ரத்தம் ஏற்றினார்கள். ஒருமுறை பெரிய டாக்டர் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை இளம் டாக்டர் வந்து, கசிவு நின்றுவிட்டது, இனி பயமில்லை, சாதாரண வார்டுக்கு மாற்றுகிறோம் என்றார். மனைவி அப்போதுதான் அழுதார். தோளில் போட்டிருந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், வெகுநேரம் அழுதார்.

வார்டில் குட்டி தலையணையோடு தலையணையாக ஒட்டிக் கிடந்தாள். குரல் கம்மியிருந்தது. பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் நாக்கு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவள் கையை லேசாக ஆட்டினாள்.

"எனக்குத் தெரியும் தாத்தா."

"என்ன தெரியும்?"

"உங்க நாக்கு. போன வருஷமே தெரியும். பாயசத்துல சர்க்கரை போட மறந்துட்டேன். ரெண்டு கிண்ணம் வாங்கிக் குடிச்சீங்களே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அன்னைக்குச் சாறு ஒரு வாய் குடிச்சதுமே கசந்துது. அப்படிக் கசந்துது. நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு எப்படி இருக்குன்னு கேட்டீங்க. கசக்குதுன்னு சொன்னா உங்க விஷயம் வெளியில வந்துடுமேன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சுட்டேன். இவ்வளவு ஆகும்னு நினைக்கல. நம்ம காய்தானேன்னு நினைச்சேன்."

பெரியவர் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

மூன்று நாளாகப் பூட்டியிருந்த வாயை மனைவி திறந்தார். "கசந்தா துப்பணும். அவ்வளவுதானே? கைக்குழந்தைக்குத் தெரியும், கசந்தா துப்பும். நாலு தலைமுறையா மண்ணக் கிளறி, நூலக் கட்டி, உறையில போட்டு அடுக்கி வச்சு என்ன பிரயோஜனம்? ஒருத்தர் மனசு ஒருத்தர் நோகக் கூடாதுன்னு ஆளாளுக்கு வாய மூடிக்கிட்டு எம்புள்ளைய பாடையில ஏத்தப் பாத்தீங்களே!" மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "வேற யாராவது ஏதாவது மறைச்சு வச்சிருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லித் தொலைங்க. இன்னொரு தரம் என்னால தாங்க முடியாது."

லிஃப்ட்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பார்த்தவர் யாருமில்லை. காய் இந்நேரம் குப்பையோடு மக்கத் தொடங்கியிருக்கும். மகள் பிழைத்துவிட்டாள். இனி எதற்கு? அவர் மனசு இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதே வாய் திறந்துகொண்டது.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கிளினிக்குப் போறதுக்கு முன்னாடியே தெரியும். ஒன்பது இருபதுக்கு. மீதிக் காயை நாக்குல வச்சுப் பாத்தேன். விஷம்னு தெரிஞ்சுது. பேப்பர்ல சுத்தி குப்பையில புதைச்சுட்டேன். டாக்டர் கேக்குன்னு சொன்னாரு. சுரைக்காய்னு நான் சொல்லல. நாப்பது நிமிஷம்."

மனைவியின் கை காற்றில் அப்படியே நின்றது. பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். லிஃப்ட்காரர் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே இருந்த கையை அவள் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நான் உங்க பக்கத்துலதானேப்பா உக்காந்திருந்தேன்" என்றாள். "உங்க தோள்ல சாஞ்சுக்கிட்டு. கேக்குன்னு டாக்டர் சொன்னப்ப, ஆமாம்மா, கேக்காத்தான் இருக்கும்னு என் தலையத் தடவிக் குடுத்தீங்க."

தடவிக்கொடுத்த கையை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எனக்குப் பயமா இருக்குப்பா. உங்களப் பாத்தா பயமா இருக்கு."

முதலாளி, அப்பா, போன் மணி, பூட்டிய கதவு என்று எல்லாவற்றையும் பார்த்துப் பயந்தவர் அவர். தன்னைப் பார்த்து ஒரு உயிர் பயப்படும் என்று கனவிலும் நினைத்ததில்லை. அது பெற்ற மகளாக இருக்கும் என்று நிச்சயமாக நினைத்ததில்லை. அப்படியே கட்டிலுக்குக் கீழே சரிந்து உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. மனைவி விடவில்லை.

"உக்காராதீங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "போய் அந்த டாக்டரம்மாகிட்ட சரியான நேரத்தைச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் வந்து இங்க நில்லுங்க. அவளா உக்காருன்னு சொல்ற வரைக்கும் நில்லுங்க."

டாக்டரின் அறை ஆறாவது மாடியில் இருந்தது. லிஃப்ட்காரர் படிக்கட்டின் பக்கம் திரும்பினார். பிறகு, டாக்டர் வெளியே கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. உள்ளே ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறாவது மாடியில் டாக்டர் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றார். "எம்பொண்ணு பேப்பர்ல பத்து மணின்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு. நான் பொய் சொன்னேன்."